ஆம் என்றால் எதற்கு ஆம்?

ஒரு சிறிய ரத்த வங்கியின் கொடையாளர் பதிவேட்டை எடுத்துக்கொள்வோம். எக்செல்லில் தொடங்கியது, பிறகு யாரோ ஒருவர் டேட்டாபேஸாக மாற்றிக் கொடுத்தார். பெயர், வயது, ரத்த வகை, கைப்பேசி எண் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. நடுவில் ‘எச்ஐவி’ என்று ஒரு தலைப்பு. அதன் கீழே சிலருக்கு ‘ஒய்’, சிலருக்கு ‘என்’.

இந்த ‘ஒய்’ எதைச் சொல்கிறது? பரிசோதனை செய்தாயிற்று என்பதையா? தொற்று இருக்கிறது என்பதையா? சோதனையில் தேறிவிட்டார், ரத்தம் எடுக்கலாம் என்பதையா? இவற்றில் இரண்டு சாதாரணச் செய்தி, ஒன்று ஒரு குடும்பத்தையே புரட்டிப்போடும் செய்தி. தலைப்பை வைத்தவருக்கு அன்று எந்த ஐயமும் இருந்திருக்காது. அவர் வேலையை விட்டுப் போன பிறகு வேறொருவர் பட்டியல் எடுக்கும்போதுதான் சிக்கல் தெரியும்.

டேட்டாபேஸில் இப்படிப்பட்ட ஒவ்வொரு தலைப்பையும் புலம் என்கிறோம், அலுவலகத்தில் ஃபீல்டு. ஆம் அல்லது இல்லை என்று மட்டும் பதில் வாங்கும் புலத்தை அமைப்பதுதான் உலகத்திலேயே எளிய வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். தொகை, முகவரி, தேதிக்கெல்லாம் யோசிப்பவர்கள் இதற்கு யோசிப்பதில்லை. அதனால்தான் பழைய டேட்டாபேஸ்களில் மிகவும் குழம்பிக் கிடப்பவை இந்தப் புலங்களாகவே இருக்கின்றன.

ஆம்–இல்லை புலம் என்பது ஒரு கேள்வி. அதன் பெயரைப் படித்தால் கேள்வி காதில் விழ வேண்டும். பக்கத்தில் ‘ஆம்’ என்று வைத்துப் பார்த்தால் முழுச் செய்தி ஒன்று கிடைக்க வேண்டும். ‘எச்ஐவி — ஆம்’ என்பதில் செய்தி இல்லை. ‘எச்ஐவி_பரிசோதிக்கப்பட்டதா — ஆம்’ என்பதில் இருக்கிறது. ‘எச்ஐவி_தொற்று_உறுதியானதா’ என்பது வேறொரு கேள்வி, அதற்கு வேறொரு புலம். ஆங்கிலத்தில் பெயர் வைப்பவர்கள் இதற்காகவே முன்னால் ‘இஸ்’, ‘ஹேஸ்’, ‘கேன்’ என்று சேர்க்கிறார்கள். தமிழில் பெயர் வைத்தால் இறுதியில் ஓர் ‘ஆ’ போதும். போஸ்ட்கிரெஸ் போன்ற டேட்டாபேஸ்கள் தமிழ்ப் பெயர்களை ஏற்றுக்கொள்கின்றன. ஆனால் ஒரு பொறி உண்டு. போஸ்ட்கிரெஸில் ஒரு பெயருக்கு வழக்கமாக 63 பைட்தான் இடம். யூனிகோட் தமிழில் எழுத்து, புள்ளி, கொம்பு, கால் ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும். மேலே சொன்ன முதல் பெயரை அப்படியே கொடுத்தால் ‘எச்ஐவி_பரிசோதிக்கப்பட’ என்று நறுக்கிவிட்டு, ஒரு சிறு அறிவிப்போடு வேலையைத் தொடரும். வெட்டுப்படுவது எது என்று பாருங்கள்: கேள்வியின் வால்தான்.

முன்னொட்டு சேர்த்துவிட்டால் மட்டும் பெயர் தெளிவாகிவிடாது. பைத்தானில் பலரும் பயன்படுத்தும் ஜாங்கோவில் பயனர் அட்டவணையோடு ‘இஸ் ஸ்டாஃப்’ என்றொரு புலம் வருகிறது. நிறுவனத்தின் ஊழியரா என்று கேட்பதுபோல் இருக்கிறது. உண்மையில் அது கேட்பது, இவர் நிர்வாகத் தளத்துக்குள் நுழையலாமா என்பதை. சம்பளம் வாங்கும் ஊழியருக்கு அதில் ‘இல்லை’ இருக்கலாம். வெளி ஆடிட்டருக்கு ‘ஆம்’ இருக்கலாம். யார் என்பதும் என்ன செய்யலாம் என்பதும் வேறு வேறு கேள்விகள். ஒன்றின் பெயரை மற்றொன்றுக்கு வைத்தால், ஊழியர் எண்ணிக்கை கேட்டு வரும் மேலாளருக்குத் தவறான எண் போகும்.

யாரைப் பற்றிய கேள்வி என்பதையும் பார்க்க வேண்டும். இந்தியாவில் தானமாகப் பெறும் ஒவ்வொரு ரத்தப் பைக்கும் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் பரிசோதனை கட்டாயம். பரிசோதனை பைக்கு, ஆளுக்கு அல்ல. போன ஆண்டு கொடுத்த ரத்தம் சுத்தமாக இருந்தது என்பது இன்றைக்குக் கொடுக்கும் ரத்தத்தைப் பற்றி எதையும் சொல்லாது. ஆக நம் பதிவேட்டில் அந்தப் புலம் பெயரால் மட்டும் தவறவில்லை, உட்கார்ந்திருக்கும் இடமே தவறு. கொடையாளர் அட்டவணையிலிருந்து அதை எடுத்து, ஒவ்வொரு கொடைக்கும் ஒரு வரி இருக்கும் அட்டவணைக்குக் கொண்டுபோக வேண்டும். நல்ல பெயரைத் தேடி உட்காரும்போதுதான் இந்த மாதிரி விஷயம் வெளியே வருகிறது. பெயர் அமையாமல் முரண்டு பிடித்தால், பெரும்பாலும் பிழை பெயரில் இல்லை.

‘அச்சிடு’, ‘சரிபார்ப்பு’, ‘நிலை’, ‘ஃப்ளாக்’ போன்ற பெயர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘அட்டை_அச்சிடு’ என்றால் அச்சிட வேண்டும் என்பதா, அச்சிட்டாயிற்று என்பதா? ‘அட்டை_அச்சிடப்பட்டதா’ என்று வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது.

எதிர்மறைப் பெயர்கள்தான் தமிழ் பேசுகிறவர்களைத் தனியாகப் பிடித்து வதைக்கின்றன. ஆஸ்பிரின் சாப்பிட்டவரிடம் சில நாட்களுக்குத் தட்டணுக்கள் எடுப்பதில்லை. அதற்காகப் படிவத்தில் ‘ஆஸ்பிரின்_சாப்பிடவில்லையா’ என்று ஒரு புலம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முன்மேசையில் இருப்பவர் கேட்கிறார்: “ஆஸ்பிரின் எதுவும் சாப்பிடலையே?” ஒருவர் “ஆமா சார், சாப்பிடல” என்பார். இன்னொருவர் “இல்ல சார், சாப்பிடல” என்பார். நம் பேச்சில் இரண்டும் ஒன்றுதான், கேட்பவருக்கும் குழப்பமில்லை. ஆனால் திரையில் ‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரண்டு பொத்தான்கள்தான் இருக்கின்றன. ‘இல்ல’ என்று காதில் விழுந்ததை வைத்து அவர் ‘இல்லை’யை அழுத்தினால், ‘சாப்பிடவில்லை என்பது இல்லை’, அதாவது சாப்பிட்டார் என்று பதிவாகிறது. ‘ஆஸ்பிரின்_சாப்பிட்டாரா’ என்று நேராகக் கேட்டிருந்தால் இந்தச் சிக்கலே எழாது. புரோகிராமருக்கும் இதில் லாபம் உண்டு. ‘முடக்கப்படாதது இல்லை’ என்பது போன்ற நிபந்தனைகளை அவர் இரவு பதினோரு மணிக்குத் தலைகீழாக நின்று படிக்க வேண்டியிருக்காது.

பெயர் முடிந்தது, இனி மதிப்பு. ஆம் என்பதை எப்படி எழுதிவைப்பது என்பதில் டேட்டாபேஸ்களுக்கிடையே இவ்வளவு வேறுபாடு இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். ஆம்–இல்லைக்கென்றே பூலியன் என்ற வகை எஸ்கியூஎல் தரநிலைக்குள் 1999-இல்தான் வந்தது. போஸ்ட்கிரெஸ் அதை முறையாகச் செய்கிறது. எஸ்கியூஎல் சர்வரில் ‘பிட்’: 0, 1, அல்லது வெற்று. ஆரக்கிளில் பல காலம் அட்டவணைக்குள் பூலியனே கிடையாது; 2023-இல் வந்த 23-ஆம் பதிப்பில்தான் சேர்த்தார்கள். அதுவரை ஓரெழுத்துப் புலத்தில் ‘ஒய்’, ‘என்’ என்று போடுவது வழக்கமாயிருந்தது. ஆரக்கிள் தன்னைப் பற்றிய தகவல்களைத் தரும் உள்பட்டியல்களிலேயே ஓரிடத்தில் ‘ஒய்’, ‘என்’ என்றும் இன்னோரிடத்தில் ‘யெஸ்’, ‘நோ’ என்றும் இருக்கும். வாத்தியார் வீட்டிலேயே அப்படி.

மைசீக்வலில் பூலியன் என்று எழுதினாலும் உள்ளே உருவாவது ஒரு குட்டி எண் புலம். -128 முதல் 127 வரை எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். பழைய பதிவேடு மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் இருந்தது என்று வையுங்கள். ஆக்சஸில் ‘ஆம்’ என்பது -1. எல்லா பிட்டுகளும் 0 ஆக இருப்பதை அப்படியே திருப்பிப் போட்டால் எல்லாம் 1 ஆகும். குறியுள்ள எண்ணாகப் படித்தால் அது -1. அதனால் வந்த வழக்கம். இந்தப் பதிவேட்டை மைசீக்வலுக்கு மாற்றும்போது, மாற்றும் வழியைப் பொறுத்து அந்த -1 அப்படியே போய் உட்காரக்கூடும். பிறகு ‘இது ட்ரூவுக்குச் சமமா’ என்று தேடினால் ஒருவர்கூட வரமாட்டார். மைசீக்வலில் ட்ரூ என்பது 1 என்ற எண்ணின் இன்னொரு பெயர்தான், -1 அதற்குச் சமமில்லை. ஃபால்ஸுக்குச் சமமானவர்களைக் கேட்டாலும் அவர்கள் வரமாட்டார்கள். ஆம் சொன்ன அத்தனை கொடையாளர்களும் அட்டவணையில் இருந்துகொண்டே காணாமல் போயிருப்பார்கள்.

எழுத்தில் வைத்தால் வேறு தொல்லை. பெரிய ‘ஒய்’, சிறிய ‘ஒய்’, ‘யெஸ்’, ‘ஆம்’, ‘ஆமாம்’, பின்னால் ஓர் இடைவெளியோடு ‘ஆம்’, டிக் குறி எல்லாம் ஒரே புலத்தில் குடியேறிவிடும். டேட்டாபேஸ் பூலியன் வகையைத் தருமானால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால், இந்த இரண்டு மதிப்புகளைத் தவிர வேறெதையும் ஏற்காதே என்று ‘செக்’ நிபந்தனை போடுங்கள். அங்கும் கவனம் தேவை: 2019-இல் வந்த 8.0.16 பதிப்புக்கு முந்தைய மைசீக்வல் அந்த நிபந்தனையை மரியாதையாகப் படித்துவிட்டு, ஒன்றும் செய்யாமல் விட்டுவிடும்.

டேட்டாபேஸுக்கு வெளியிலும் இந்த வேடிக்கை நடக்கிறது. யாமல் என்ற அமைப்புக் கோப்பு வடிவத்தின் பழைய 1.1 பதிப்பில் மேற்கோள்குறி இல்லாத ‘நோ’ என்றால் ‘இல்லை’ என்று பொருள். நார்வே நாட்டின் ஈரெழுத்துக் குறியீடும் அதுவே. நாடுகளின் பட்டியலை எழுதினால் நார்வே மட்டும் ‘பொய்’ ஆகிவிடும்.

இதுவரை சொன்னவை கண்ணில் படும் பிழைகள். கண்ணில் படாதது வெற்றிடம். நல் என்று புரோகிராமர்கள் சொல்வது. அது ஆமும் அல்ல, இல்லையும் அல்ல, ‘தெரியாது’. ஆயிரம் கொடையாளர்களிடம் குறுஞ்செய்தி அனுப்பலாமா என்று கேட்கும் புலம் இருப்பதாகக் கொள்வோம். 600 பேர் ஆம், 250 பேர் இல்லை, 150 பேருக்கு வெற்று. ஆம் சொன்னவர்களைக் கேட்டால் 600 வரும். ‘ஆம் அல்லாதவர்கள்’ என்று கேட்டால் 400 வரும் என்று நினைப்போம். வருவது 250. எஸ்கியூஎல்லில் தெரியாததை ஆமோடு ஒப்பிட்டாலும் தெரியாது. அதை மறுத்தாலும் தெரியாது. வடிகட்டி, உறுதியாக உண்மை என்று தெரிந்த வரிகளை மட்டுமே உள்ளே விடும். அந்த 150 பேர் இரண்டு பட்டியலிலும் இல்லை. சற்று முன் பரிந்துரைத்த செக் நிபந்தனையும் இவர்களைத் தடுக்காது. செக் தடுப்பது உறுதியாகப் பொய்யானதை மட்டும். ‘தெரியாது’ என்று வந்தால் உள்ளே விட்டுவிடும். ‘வெற்றாக இருக்கக் கூடாது’ என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

சொல்லிவிட்டால் தீர்ந்ததா? இல்லை, சில சமயம் மோசமாகிவிடும். புலம் வெற்றாக இருக்கக் கூடாது, ஏதும் சொல்லாவிட்டால் ‘இல்லை’ என்று வைத்துக்கொள் என்று கட்டளையிட்டால், கேட்கப்படாத 150 பேருக்கும் நாமே பதில் சொல்லிவிடுகிறோம். ஆக்சஸின் ஆம்–இல்லை புலம் இயல்பாகவே இப்படித்தான். அதில் வெற்றுக்கு இடமில்லை. இணையப் படிவத்தின் டிக் கட்டமும் ஏறக்குறைய இதே கதை. டிக் செய்யாத கட்டத்தைப் பற்றி உலாவி சர்வருக்கு எதையுமே அனுப்பாது. ‘வேண்டாம்’ என்று யோசித்து விட்டவரும் கட்டத்தையே பார்க்காதவரும் சர்வருக்கு ஒரே மாதிரிதான் தெரிவார்கள். வேறுபாடு தேவையென்றால் டிக் கட்டத்தை விட்டுவிட்டு, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டிய இரட்டைத் தெரிவாகக் கேளுங்கள்.

‘தெரியாது’ என்பதிலும் வகை உண்டு. ‘கர்ப்பமாக_இருக்கிறாரா’ என்ற புலத்தில் ஒரு பெண்ணுக்கு வெற்றாக இருந்தால் கேட்க மறந்துவிட்டார்கள் என்று பொருள். ஆணுக்கு வெற்றாக இருந்தால் கேள்வியே பொருந்தாது என்று பொருள். இன்றைய டேட்டாபேஸ்களுக்கு அடிப்படையான உறவுமுறை மாதிரியை 1970-இல் முன்வைத்த எட்கர் காட், 1990-இல் எழுதிய நூலில் இந்த இரண்டுக்கும் தனித்தனி அடையாளம் வேண்டும் என்றார். தயாரிப்பாளர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்றும் ஒரே ஒரு வெற்றுதான் இருக்கிறது. ஆகவே நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். கேள்விக்கு உண்மையில் மூன்று பதில், நான்கு பதில் இருந்தால் பூலியனை விட்டுவிட்டு ‘ஆம்’, ‘இல்லை’, ‘கேட்கவில்லை’, ‘பொருந்தாது’ என்று வெளிப்படையாகவே மதிப்புகளை வையுங்கள். நீளமாகத்தான் இருக்கும். ஆறு மாதம் கழித்துப் படிப்பவர் ஊகிக்க வேண்டியிருக்காது.

இங்கே வந்து நிற்கும்போது அடிப்படைக் கேள்வி ஒன்று எழுகிறது: இது உண்மையிலேயே ஆம்–இல்லைக் கேள்விதானா? என் கணிப்பில், பூலியனாக வைக்கப்படும் புலங்களில் பாதிக்கு மேல் அப்படி இல்லை.

‘தகுதி_உள்ளவரா’ என்ற புலத்தைப் பாருங்கள். ரத்த வங்கிக்கு இதைவிட அவசியமான புலம் இல்லை என்று தோன்றும். ஆனால் இந்திய விதிப்படி முழு ரத்தம் கொடுத்த ஆண் மீண்டும் கொடுக்க 90 நாள், பெண் 120 நாள் காத்திருக்க வேண்டும். இன்று கொடுத்தவருக்கு ‘இல்லை’ என்று போடுகிறோம். தொண்ணூறாம் நாள் காலையில் யார் வந்து அதை ‘ஆம்’ என்று மாற்றப்போகிறார்கள்? வயதும் 18-இலிருந்து 65 வரை. பிறந்தநாள் வந்தால் பதில் தானாக மாறும், புலம் மாறாது. பச்சை குத்திக்கொண்டவர் ஓராண்டு காத்திருக்க வேண்டும். அதுமட்டுமா, தகுதி எதற்கு? முழு ரத்தத்துக்கு இன்று தகுதி இல்லாதவர் தட்டணுக்களுக்கு விரைவிலேயே தகுதி பெறலாம். அதற்கு இடைவெளி வேறு. ஆக ‘தகுதி’ சேமிக்க வேண்டிய தகவலே அல்ல. கடைசியாகக் கொடுத்த தேதி, பிறந்த தேதி, ‘எதுவரை ஒத்திவைப்பு’ என்ற தேதி, ஒத்திவைத்த காரணம் ஆகியவற்றைச் சேமியுங்கள். தகுதியைக் கேட்கும்போது கணக்கிட்டுச் சொல்ல ஒரு ‘வியூ’ எழுதினால் போதும். ரத்தப் பையின் ‘காலாவதியானதா’ புலமும் இதே சாதி. சிபிடிஏ கரைசல் உள்ள பையில் முழு ரத்தம் 35 நாள், தட்டணுக்கள் 5 நாள். பையில் தேதி இருக்கும்போது டிக் எதற்கு?

சம்மதமும் தேதியாகவே இருப்பது நல்லது. 2023-ஆம் ஆண்டின் இந்திய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, சம்மதம் வாங்கினோமா என்று கேள்வி எழுந்தால் நிரூபிக்க வேண்டியது தரவை வைத்திருப்பவர்தான். கொடுத்தவர் அதைத் திரும்பப் பெறவும் உரிமை உண்டு. ஒரு ‘ஆம்’ அங்கே எதை நிரூபிக்கும்? ‘சம்மதம்_தந்த_நேரம்’, ‘சம்மதம்_திரும்பப்பெற்ற_நேரம்’ என்று இரண்டு புலங்கள் இருந்தால் ஆமா இல்லையா என்பதும் தெரியும், எப்போது என்பதும் தெரியும். லாராவெல் போன்ற கட்டமைப்புகள் ஒரு பதிவை அழித்ததாகக் குறிக்க டிக் போடாமல் அழித்த நேரத்தை எழுதுவதும் இதனால்தான். ஆனால் பழக்கமாகிவிட்டது என்பதற்காக எல்லாப் புலத்தையும் தேதியாக்குவதும் மிகைதான். ‘இந்த எண்ணில் வாட்ஸ்அப் உள்ளதா’ என்பதற்கு ஆம், இல்லை போதும்.

இன்னொரு வகை, ஒரே பயணத்தின் கட்டங்களைத் தனித்தனி டிக்குகளாக்குவது. ரத்தப் பைக்கு ‘பரிசோதிக்கப்பட்டதா’, ‘ஒதுக்கப்பட்டதா’, ‘வழங்கப்பட்டதா’, ‘அழிக்கப்பட்டதா’ என்று நான்கு புலம் வைத்தால் 16 சேர்க்கைகள் கிடைக்கும். அவற்றில் நடைமுறைக்குப் பொருந்துபவை ஐந்தாறு. வழங்கவும்பட்டு அழிக்கவும்பட்ட பை ஒன்று ஒருநாள் அட்டவணையில் தோன்றியே தீரும். ‘பையின்_கட்டம்’ என்று ஒரே புலம் வைத்து அதில் அனுமதிக்கும் பெயர்களை வரையறுத்தால் அப்படி ஒரு பை உருவாகவே முடியாது.

‘ஆணா’ என்ற புலத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். இல்லை என்றால் பெண் என்று எடுத்துக்கொள்ளும் புலம் அது. தமிழ்நாடு 2008-இலேயே திருநங்கையர் நல வாரியம் அமைத்தது. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தைச் சட்டப்படி அங்கீகரித்தது. அதற்குப் பிறகும் பூலியனில் பாலினத்தை வைப்பவர், பதிவேட்டில் சிலருக்கு இடமில்லை என்று முடிவு செய்தவர் ஆகிறார். பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ 5218-ஐ எடுத்துப் பயன்படுத்தினாலும் முழுத் தீர்வு இல்லை. 0 தெரியாது, 1 ஆண், 2 பெண், 9 பொருந்தாது என்பதோடு அது நின்றுவிடுகிறது.

ஏற்கெனவே குழம்பிக் கிடக்கும் புலத்தை என்ன செய்வது? பெயரை மட்டும் மாற்றிவிடலாம் என்று கை துறுதுறுக்கும். செய்ய வேண்டாம். உள்ளே இருக்கும் ‘ஒய்’கள் வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு பொருளில் போட்டவை, தெளிவான பெயரை மேலே ஒட்டினால் பழைய குழப்பத்துக்குப் புதிய நம்பகத்தன்மை வந்துவிடும். பொருளைத் தலைகீழாக்குவது இன்னும் ஆபத்து: பாதி நிரல் பழைய பொருளிலும் பாதி புதிய பொருளிலும் ஓடும். புதிய பெயரில் புதிய புலம் சேர்த்து, உறுதியாகத் தெரிந்த வரிகளை மட்டும் அதற்கு மாற்றுங்கள். தெரியாதவற்றுக்குத் ‘தெரியாது’ என்றே எழுதுங்கள். அடுத்த முறை அந்த ஆள் வரும்போது கேட்டுக்கொள்ளலாம். கேள்வி சரியாக எது என்பதை ஒரே வரியில் புலத்தோடேயே குறிப்பாகச் சேர்த்துவையுங்கள். போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள், மைசீக்வல் மூன்றிலும் அதற்கு ‘காமென்ட்’ வசதி இருக்கிறது. பழைய புலத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு, சில காலம் படிக்க மட்டும் விட்டுவையுங்கள். அதை நீக்குவதற்கு முன் நிரலில் மட்டும் தேடினால் போதாது. கணக்குப் பிரிவில் யாராவது வைத்திருக்கும் எக்செல் இணைப்பையும், ஆண்டுக்கு ஒருமுறை மார்ச் கடைசியில் மட்டும் ஓடும் அறிக்கையையும் விசாரித்துவிடுங்கள்.